சைக்கிளுக்குக் கூண்டு கட்டலாமா?

நீலகிரியில் சைக்கிள் குறைவாக இருப்பதற்கு மேட்டைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம். கியர் சைக்கிள் வந்த பிறகு மேடு அவ்வளவு பெரிய பூதமாக இல்லை. 2008-ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ பயணத்துக்கு வருகிறவர்கள் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையே ஏறிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து, ஏறி, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள். வெலிங்டனிலிருந்து குன்னூருக்கோ, எடப்பள்ளியிலிருந்து அருவங்காட்டுக்கோ தினம் வேலைக்குப் போய்வர நினைப்பவருக்கு மேட்டைவிடப் பெரிய தொல்லை வானம்தான்.

இந்த மலைக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கத்தை ஊறவைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை எதிர்ப்பக்கமாக ஏறிவந்து குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். அதுவும் முடிந்தால் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி. இவற்றுக்கு நடுவே கிடைக்கும் நாட்களிலும் மத்தியானம் மூன்று மணிக்கு எங்கிருந்தோ மூடுபனி வந்து சாலையில் படுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சைக்கிளுக்கே ஒரு கூண்டு கட்டிவிட்டால் என்ன? மாட்டு வண்டிக்கு மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்து கூண்டு கட்டிய ஊர்தானே நம்முடையது. கட்டலாம். ஆனால் எந்தக் கூண்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இணையத்தில் படம் பார்த்து ஆசைப்படுகிற மாதிரியான முழுக் கூண்டு மலைக்கு ஆகாது; இங்கே வேண்டியது அரைக் கூண்டு. ஏன் என்று புரிந்துகொண்டால் எப்படிக் கட்டுவது என்பது தானாக விளங்கும்.

முழுக் கூண்டு சைக்கிளுக்கு ஐரோப்பாவில் வெலோமொபைல் என்று பெயர். அதன் முன்னோடிகளில் ஒருவர் பிரான்சின் சார்ல் மோஷே. மகன் ஜார்ஜ் ஓட்டி விளையாட அவர் செய்து கொடுத்த நான்கு சக்கர மிதிவண்டியைப் பெரியவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அதைப் பெரிதாக்கி விற்றார். பிறகு சாய்ந்து படுத்தவாக்கில் மிதிக்கும் இரண்டு சக்கர வண்டி ஒன்றையும் செய்தார். 1933 ஜூலையில் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற ஓட்டக்காரர் அதில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ.க்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அவர் முதல்தர ஓட்டக்காரர் அல்ல என்பதுதான் பந்தய உலகத்துக்கு உறுத்தியது. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த மாதிரி வண்டி செல்லாது என்று விதியை மாற்றியது. 1939-ல் அதே ஃபோர் கூண்டு மாட்டிய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 50 கி.மீ.யைத் தாண்டினார். பிற்காலத்தில் டென்மார்க்கில் லைட்ரா வந்தது; நெதர்லாந்தில் அலுமினியத் தகட்டை வீட்டிலேயே ரிவெட் அடித்துச் சேர்த்துக்கொள்ளும் ஆலவேடர் வந்தது. நெதர்லாந்து தட்டையான நாடு என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமதரையில் வேகமாகப் போகும் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்று. அதைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவத்தில் ஓடு மாட்டினால் அதே உழைப்பில் கூடுதல் வேகம் கிடைக்கும், நனையாமலும் போகலாம். இந்த லாபத்துக்காக 25, 30 கிலோ எடையை வெலோமொபைல் ஓட்டுகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறவருடைய கணக்கு வேறு. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது காற்றைத் தள்ள ஆகும் சக்தி மூன்று, நான்கு வாட்டுக்கு மேல் போகாது. ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால், நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் எடையைத் தூக்கவே 130 வாட் வேண்டும். ஆக, கூண்டு மிச்சம் பிடித்துக் கொடுப்பது ஒன்றுமில்லை, தன் எடையை மட்டும் உங்கள் காலில் ஏற்றுகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,400 மீட்டர். 150 வாட் மிதிக்கிறவருக்குக் கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு 10 கிலோவும் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். மலை ரயிலுக்கே கல்லாறுக்கு மேல் பல்சக்கரம் வேண்டியிருக்கிற ஏற்றம் இது.

இறக்கத்தில் சிக்கல் தலைகீழாக வருகிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. அதே 100 கிலோ, அதே சரிவில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது புவியீர்ப்பு 650 வாட் அளவுக்கு வண்டியைத் தள்ளுகிறது. கூண்டில்லாத சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அதில் பாதியைக் காற்றே வாங்கிக்கொள்ளும். நெஞ்சில் அடிக்கிற காற்றுதான் உங்களுடைய முதல் பிரேக். காற்றைக் கிழிக்கும் முழுக் கூண்டுக்குள் புகுந்துகொண்டால் அந்த பிரேக் போய்விடும். மீதி வேலை முழுவதும் ரிம்மிலோ டிஸ்க்கிலோ வந்து இறங்கும். அவை உறிஞ்ச வேண்டிய சூடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சூடேறிய ரிம் ட்யூபை வெடிக்க வைக்கும். போதாததற்கு ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தியே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று பிடிக்கிற பிடியும் அந்த அளவுக்குத் தளர்கிறது.

மூன்றாவது சங்கடம் வியர்வை. மிதிக்கிறவருடைய உடம்பு செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகும். மீதி சூடாக வெளியேறுகிறது: 150 வாட் மிதித்தால் நாலைந்து 100 வாட் குண்டு பல்புகளைக் கூண்டுக்குள் எரியவிட்ட மாதிரி. ஏற்றத்தில் வேகம் இல்லாததால் உள்ளே காற்றோட்டமும் இல்லை. மூடுபனி நாளில் வெளிக்காற்றே ஈரத்தில் தோய்ந்திருக்கும், உங்கள் வியர்வை ஆவியாகப் போக இடமில்லை. கண்ணாடியில் படிந்துவிடும். வெளியே நனையாமல் இருக்கக் கூண்டு கட்டி, உள்ளே நனைந்து, முன்னால் என்ன வருகிறது என்றும் தெரியாமல் ஓட்டுவதில் என்ன பயன்?

இந்த மூன்றையும் தேயிலைத் தோட்டத்தில் ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறார்கள். மழையில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தலைக்கும் முதுகுக்கும் கொங்காணி மாதிரி மடித்த சாக்கோ பிளாஸ்டிக் தாளோ. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இன்னொரு தாள், செடியின் ஈரம் சேலையில் ஏறாமல் இருக்க. கைகள் இரண்டும் வெளியே. முன்பக்கம் திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் உடம்புச் சூடு போகிறது. முழுவதும் மூடிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி வேலை செய்ய முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கு வேண்டிய கூண்டும் இந்த ஏற்பாடுதான்: தண்ணீர் எங்கிருந்து வந்து அடிக்கிறதோ அங்கே மட்டும் மறைப்பு, மற்ற இடமெல்லாம் திறப்பு.

சைக்கிளில் தண்ணீர் மூன்று திசையில் வரும். மேலிருந்து மழை, முன்னாலிருந்து சாரல், கீழே சக்கரம் வாரி இறைக்கும் சேறு. இதில் கடைசியைத்தான் நாம் அலட்சியம் செய்வோம். செலவும் அதற்குத்தான் குறைவு. முதல் வேலையாக இரண்டு சக்கரத்துக்கும் முழு நீள மட்கார்டு போடுங்கள். முன் மட்கார்டின் நுனியில் பழைய ட்யூபை வெட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரம்வரை தொங்கவிடுங்கள். செருப்பும் செயினும் தப்பிக்கும். கூண்டு வேலையில் பாதி இதோடு முடிந்தது என்றே சொல்வேன்.

அடுத்தது முன் மறைப்பு. இதற்கு விளம்பரப் பலகைக்காரர்கள் வைத்திருக்கும் சன்பேக் ஷீட் போதும். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில், உள்ளே வரிசையாகக் குழல் ஓடுகிற பலகை அது; எட்டுக்கு நாலு அடி ஷீட்டாகக் கிடைக்கும், கனம் நாலைந்து மில்லிமீட்டர். முழு ஷீட்டே இரண்டு மூன்று கிலோதான். குழல் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் காகிதம் போல மடியும். குறுக்கே மடிக்கப் பார்த்தால் கசங்கி முறியும். குறுக்கு வளைவு கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு பக்கத் தோலை மட்டும் கத்தியால் இணைகோடுகளாகக் கீறிவிட்டு, கீறாத பக்கம் உள்ளே வருமாறு வளைக்க வேண்டும். கத்தியை ஆழமாக அழுத்தினால் இரண்டாக வந்துவிடும். வெட்டுவதற்கு முன் பழைய அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி வெட்டி, சைக்கிளில் வைத்துப் பார்த்து, முழங்கால் இடிக்கிறதா என்று மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரண பசை எதுவும் பிடிக்காது. எத்தனை விளம்பரம் பார்த்திருந்தாலும் பசையை நம்பாதீர்கள். ஓரத்தில் துளை போட்டு, கேபிள் டையால் துணி தைப்பது போல வரிசையாகக் கட்டலாம். அல்லது இருபக்கமும் அகலமான வாஷர் வைத்து பாப் ரிவெட் அடிக்கலாம். வாஷர் இல்லாமல் அடித்தால் ஒரே வாரக் குலுக்கலில் ரிவெட் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். குழல்களின் மேல் வாயைத் தண்ணீர் இறங்காதபடி டேப்பால் அடைத்து, கீழ் வாயைத் திறந்து விடுங்கள். இரண்டையும் அடைத்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியின்றிப் பாசி பிடிக்கும். மலை வெயிலுக்குக் கடுமை அதிகம். இந்த ஷீட் வெயிலில் நாள்பட நாள்பட மொறுமொறுப்பாகி உடையும். உடைந்த துண்டு சாலையோரம் விழுந்து மாட்டின் வாய்க்குப் போகாமல் இருக்க, விரிசல் தெரிந்த உடனே மாற்றிவிடுவது நல்லது.

மறைப்பை எதில் மாட்டுவது? ஹேண்டில் பாரில் மாட்டுவது சுலபம், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். சின்னக் கண்ணாடி என்றால் சரி. ஆனால் முழங்காலையும் பாதத்தையும் மறைக்கிற அளவுக்குப் பெரிதாகிவிட்டால், பக்கக் காற்று அதைப் பிடித்து ஹேண்டிலையே திருப்பும். பள்ளத்தாக்கைத் திறந்து காட்டும் வளைவில், மறைவிலிருந்து வெளியே வந்த கணத்தில் காற்று மோதும்போது இது தெரியும். எதிரே அரசு பஸ் இறங்கி வந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தெரியும். ஆகவே பெரிய மறைப்பைச் சைக்கிளின் சட்டத்தில், ஹேண்டில் தண்டு நுழையும் முன் குழாயிலும் அதற்குக் கீழே சாய்ந்து இறங்கும் குழாயிலும் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை சுற்றுங்கள். பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். விரல் முட்டி எங்கேயும் உரசக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் அந்தக் கடைசித் திருப்பம் கட்டாயம் தேவைப்படும். முன் சக்கர அச்சுக்கு முன்னால் மறைப்பு நீட்டிக்கொண்டிருப்பதும் வேண்டாம்.

மறைப்பைத் தாங்கும் சட்டத்துக்கு வயரிங் வேலைக்குப் பயன்படும் பிவிசி குழாய் மலிவு. உள்ளே மணலை நிரப்பிச் சூடு காட்டினால் மடங்காமல் வளையும். ஆனால் உறைபனிக் காலத்துக் குளிரில் பிவிசி சட்டென்று உடையும் தன்மை பெறும். ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் அலுமினியப் பட்டையோ மூங்கில் பிளாச்சோ பயன்படுத்தலாம். கூண்டு வண்டிக்காரருக்கு மூங்கில் ஏமாற்றம் தரவில்லையே.

கண்ணாடி வைப்பதாக இருந்தால் பாலிகார்பனேட் ஷீட், ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர். அக்ரிலிக் விழுந்தால் சில்லுச் சில்லாகக் குத்தும். கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மோவாய்க்குக் கீழேயே நிற்க வேண்டும். அதற்கு மேலாகப் பார்த்து ஓட்டுங்கள், ஒருபோதும் அதன் வழியாக அல்ல. வைப்பர் இல்லாத கண்ணாடியில் வெளியே மழைத்துளி, உள்ளே ஆவி, எதிரே லாரியின் முகப்பு விளக்கு: மூன்றும் சேர்ந்தால் தெரிவது வெறும் வெளிச்சம். சோப்புத் தேய்த்துத் துடைத்தால் ஆவி படிவது கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முகத்தில் மழை விழத்தான் விழும். தொப்பிக்கு முன்னால் ஒரு விளிம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் மறைப்பு துணி வேலை. ரெயின்கோட் துணியோ குடைத்துணியோ வாங்கித் தையல்காரரிடம் கொடுத்து, கழுத்திலிருந்து கைகளை மூடி முன் மறைப்பின் விளிம்புவரை வருகிற மாதிரி ஒரு போர்வை தைக்கச் சொல்லுங்கள். தையல் ஓட்டை ஒவ்வொன்றும் ஒழுகும். உள்பக்கம் சீலிங் டேப் ஒட்டியே ஆக வேண்டும். போர்வையின் முன் விளிம்பை வெல்குரோவால் மறைப்பில் ஒட்டிவிட்டால் மழை தொடையில் விழாமல் வழிந்து போகும். சைக்கிளோடு விழுந்தால் ஒரே இழுப்பில் பிரிந்து நீங்கள் வெளியே வர வேண்டும் என்பதால்தான் வெல்குரோ. கயிறு, கொக்கி எதுவும் கூடாது. முதுகுப் பக்கத்தைத் தாராளமாகத் திறந்து விடுங்கள். காற்று உள்ளே நுழையும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருந்தால்தான் சூடு தங்காது. மழை விட்டால் போர்வையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் சேர்ந்து நாலு கிலோவுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் எதையோ தேவையில்லாமல் மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எடை மட்டும் அல்ல காரணம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் எத்தனை வீட்டுக்கு வாசல்வரை சாலை இருக்கிறது? சாலையில் இறங்கி, ஐம்பது அறுபது படி ஏறியோ இறங்கியோதான் வீடு. சைக்கிளைத் தோளில் தூக்கிப் போகிற ஊரில் மூன்று சக்கர முழுக் கூண்டை எங்கே நிறுத்துவது? கழற்றி மாட்டும்படி இருக்கும் அரைக் கூண்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடலாம்.

குளிருக்கும் இது போதும். 5 டிகிரிக் குளிரில் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் திறந்த உடம்புக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போன மாதிரி உறைக்கும். முதலில் மரத்துப்போவது பிரேக் பிடிக்க வேண்டிய விரல்கள். கைப்பிடிக்கு முன்னால் ஒரு சாண் அகல மறைப்பு இருந்தால் கையுறை பாதி கனத்தில் போதும்.

கூண்டு கட்டியவர் மற்றவர் கண்ணுக்குத் தெரிவது இன்னொரு கவலை. தாழ்ந்து படுத்தபடி ஓட்டும் வண்டியை மூடுபனியில் பஸ் டிரைவர் பார்க்க வழியே இல்லை; நிமிர்ந்து உட்காரும் சைக்கிளை நான் இங்கே வலியுறுத்துவதற்கு அதுவும் காரணம். சன்பேக்கை மஞ்சளிலோ ஆரஞ்சிலோ வாங்குங்கள். பின்னால் சிவப்பு ஒளிரும் டேப், பகலிலும் எரியும் விளக்கு. பச்சை அழகாக இருக்கும், தேயிலையோடு கலந்து காணாமலும் போகும். குன்னூர், கோத்தகிரி சாலைகளில் காட்டெருமை நிற்கும்; தார்ப்பாய் போலப் படபடக்கிற எதையும் அதன் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். துணி படபடக்காமல் இழுத்துக் கட்டுவது ஒலிக்காக மட்டும் அல்ல.

கட்டி முடித்ததும் நேராக மலைப்பாதைக்குப் போக வேண்டாம். பொறியியல் மாணவர்கள் மனித சக்தி வண்டி செய்து போட்டியிடும் அஸ்மி (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) போட்டி நம் வேலூர் விஐடியிலும் நடந்திருக்கிறது. அதில் எந்த வண்டியும் ஓடுவதற்கு முன் மூன்று சோதனையில் தேற வேண்டும்: மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும், 8 மீட்டர் ஆரத்துக்குள் திரும்ப வேண்டும், 5 முதல் 8 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர் நேராகப் போக வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு மிக முக்கியம், ஏற்றத்தில் போகும் வேகம் அதுதானே. ஒரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்றையும் செய்து பாருங்கள். பிறகு மைதானத்தை நனைத்துவிட்டு முதல் சோதனையை மட்டும் மறுபடி செய்யுங்கள். ரிம் பிரேக் நனைந்தால் பிடிக்க ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தவர் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடுவார்.

ஒன்று மட்டும் கூண்டால் ஆகாது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது இதே மலைச்சரிவுகளில்தான். விடாமல் பெய்கிற நாளில் பஸ் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு, ஓடவில்லை என்றால் சைக்கிளையும் எடுக்காதீர்கள்.

மற்ற நாட்களில் முதல் நீண்ட இறக்கமாகக் குன்னூரிலிருந்து பர்லியாறுவரை போய்ப் பார்க்கலாம். கல்லட்டி வேண்டாம். பிரேக்கை நீளமாகப் பிடித்தே இறங்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். ஏறி வருகிற வண்டிக்கே வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி, ஆகவே நீங்கள்தான் ஒதுங்கி நிற்பீர்கள். நிற்கும் இடத்தில் ரிம்மை விரலால் தொடாமல் பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். சீறினால் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அங்கேயே இருங்கள்.